செத்தவீட்டு மணம்

பூவரசங்குளத்தில் மரம் தறிக்கும் வேலை முடிந்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் முரசுமோட்டைப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன்பின் எந்த ஊரிலும் ஒரு போகத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. வாய்க்கால் கரையில் திரும்பியதும் ஓடிக்கொலோன் மணத்தது. முன்னால் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி போய்க்கொண்டிருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன். செத்தவீடு என்றால் விறகு தறிக்கவும் பந்தல் போடவும் கை தேவைப்படும். கை கொடுத்தவனைப் பட்டினியாக அனுப்பமாட்டார்கள்.

“அண்ணை, ஆற்றை வீட்டில செத்தவீடு?” என்று கேட்டேன்.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். ஒடிசலான ஆள். வயல் வேலைக்கு வந்தவர் வெள்ளைச் சேட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

“ஒருத்தற்ற வீட்டிலயும் இல்லை,” என்றார். “மணக்கிறது நான்தான்.”

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஓடிக்கொலோன் என்கிற வாசனைத் தண்ணீருக்கு இரண்டே வேலைதான். காய்ச்சல் ஏறினால் சீலைத்துண்டில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். ஆள் செத்துவிட்டால் பிரேதத்தின் மேல் தெளிப்பார்கள். பல வீடுகளில் காய்ச்சலுக்கு வாங்கிய போத்தல் பிரேதத்தில்தான் முடியும். உயிரோடு நடமாடும் ஒரு மனிதர் அதைச் சேட்டில் பூசிக்கொண்டு வாய்க்கால் கரையில் போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

“வேலை தேடுறீரோ?”

“ஓம்.”

“களை பிடுங்குவீரோ?”

“பிடுங்குவன்.”

“அப்ப வாரும். கொஞ்சம் தள்ளி வாரும்.”

அப்படித்தான் அவரிடம் சேர்ந்தேன். காணி அவருடையதல்ல; அவருடைய மனைவியின் தமையனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தது. தமையன் ஒரு மாரிகாலம் இருந்து பார்த்துவிட்டு, காய்ச்சலுக்குப் பயந்து யாழ்ப்பாணப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். காணி பற்றைக்காடாகிக் கிடந்தது. இவரோ கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். ஐம்பத்தெட்டில் தமிழரைத் தேடித் தேடி அடித்த குழப்பத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கி, மனைவியின் தமையன் வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு, சும்மா கிடக்கிற காணியைப் போய்ப் பாரும் என்று தமையன் சொல்ல, தனியாக வன்னிக்கு வந்தார். மனைவியும் ஒரு பெண் பிள்ளையும் அங்கேயே நின்றார்கள்.

தமையன் சொல்லி அனுப்பிய சொல் ஒன்று இருந்தது. ஒரு போகம் ஒழுங்காக வெட்டி, நெல் கொட்டிலுக்குள் வரட்டும். அதற்குப் பிறகுதான் தங்கச்சியையும் பிள்ளையையும் அனுப்புவேன். கடைக்காரனை நம்பிக் காட்டுக்குள் அனுப்ப மாட்டேன். இந்தச் சொல்லை அவர் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார், வேலை என்ன என்று சொல்வது போல. “அந்த நெல்லு வரவேணும், தம்பி. அதுக்குத்தான் உம்மைக் கூப்பிட்டனான்.”

அவர் விடியக் குளிப்பார். வாய்க்காலில் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, சிறிய பச்சைப் போத்தலைத் திறந்து கழுத்திலும் கக்கத்திலும் கையிலும் பூசுவார். பத்து மணி வெயிலில் வேர்த்ததும் வரம்பில் ஏறி மறுபடி பூசுவார். மத்தியானம் சாப்பிட முன்பும் ஒருமுறை. சாப்பிடும்போது என்னோடு ஒரே பக்கம் இருக்கமாட்டார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அது என்னைக் கடந்து அவர் பக்கம் வீசும்படி எனக்குக் கீழ்க்காற்றில் போய் உட்காருவார். கொட்டிலுக்குள் அவர் ஒரு மூலை, நான் வெளியே தாழ்வாரம். கூலிக்காரனோடு கூட இருக்க விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானவர்களிடம் நிறைய வேலை செய்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய விஷயமல்ல.

ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கொழும்புப் பெருமை என்றார் ஒருவர். அங்கே யாரோ ஒரு பெண்ணோடு பழகியதில் வந்த பழக்கம் என்றார்கள் பெண்கள். சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையில் அவர் தலை தெரிந்தாலே தொடங்கிவிடும்.

“எழும்பி நில்லுங்கோ, பிரேதம் போகுது.”

“மாப்பிள்ளை பொம்பிளை பாக்கப் போறாராக்கும்.”

“அவருக்குப் பொம்பிளை இருக்கெடாப்பா. அவாதான் வரமாட்டாவாம்.”

“மணம் தாங்கேலாமலாக்கும்.”

இந்தக் கடைசிப் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கடை வாசலுக்கு வெளியே, மழைத் தூறலில் நின்றபடியே தேநீரைக் குடித்துவிட்டுக் கிளாசைக் கழுவி வைத்தார். அவர் போனபின் கடைக்காரர், “பெருமைக்காரன் எண்டா இதுக்கு ஏதும் சொல்லுவானே,” என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒரு முஸ்லிம் வியாபாரி சைக்கிளில் வருவார். பின்னால் தகரப்பெட்டி, அதற்குள் சீப்பு, காப்பு, கண்ணாடி, அத்தர், ஓடிக்கொலோன். எங்கள் கொட்டிலுக்கு வந்தால் ஒரு போத்தல் நிச்சயம் போகும். ஒருநாள் அவர் சின்னக் குப்பிகளை எடுத்துக் காட்டினார்.

“இதைக் கொஞ்சம் பாருங்கோ. ரோசா. இது சந்தனம். உங்களைப் போல ஆளுக்குச் சந்தனம்தான் எடுப்பு. ஏன் இந்தக் காய்ச்சல்காரன்ர மணத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

“அது இனிப்பு, நானா. இனிப்பு மேல கிடந்தா அடியில இருக்கிறது இன்னும் தெரியும். எனக்கு வெட்டுற மணம்தான் வேணும்.”

போத்தலை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனபின், வியாபாரி பெட்டியைக் கட்டியபடி என்னிடம் மெல்லச் சொன்னார். “தம்பி, நான் இந்தப் பெட்டியோட எவ்வளவு ஊர் சுத்துறன். சென்ற் பூசுறவன் கிட்ட வந்துதான் கதைப்பான். பூசினதை ஆரும் மணக்க வேணுமெல்லோ? உங்கட ஆள் பூசிப்போட்டுப் பின்னால பின்னால போறார். இது ஆசைக்குப் பூசுறது இல்லை.”

“பின்ன என்னத்துக்கு?”

“அது தெரிஞ்சா நான் ஏன் சைக்கிள் உழக்கிறன்?”

பக்கத்துக் காணிக்காரர் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு சோடி மாடு வைத்திருந்தார். பெரிய குரல், பெரிய கை. எங்கள் வாய்க்கால் கதவில் அடைப்பு வந்தால் கேட்காமலே வந்து எடுத்துவிட்டுப் போவார். கடையில் அதிகம் பகிடி பண்ணுபவரும் அவர்தான். மார்கழி மழைக்குள் அவருடைய தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மழையில் கிளிநொச்சிக் கடைகளுக்குப் போகவும் வழியில்லை. பக்கத்துக் காணிக்காரர் நனைந்தபடி எங்கள் வேலியடியில் வந்து நின்றார்.

“கொழும்பார், உங்களட்டை அந்தப் போத்தல் கிடக்குமோ? அப்புவுக்கு.”

இவர் உள்ளே போய், பாவித்த போத்தலையும் புதிய போத்தலையும் எடுத்துவந்து வேலிக்கட்டையில் வைத்துவிட்டு, தள்ளி நின்றார். “ரண்டையும் கொண்டு போங்கோ.”

நான் செத்தவீட்டுக்குப் போய் வேலை செய்தேன். இவர் வரவில்லை. வியாபாரி மறுபடி வரும்வரை கொட்டிலை விட்டு வெளியே இறங்கவே இல்லை. சோற்றுக் கோப்பையை வேலிப் படலையடியில் வைக்கச் சொன்னார். நான் விலகியபின் எடுத்தார். காய்ச்சலோ என்று கேட்டேன். இல்லை என்றார். வயலில் தண்ணீர் கட்டுவது முழுக்க என் தலையில் விழுந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

பயிர் நன்றாக வந்தது. மாசியில் வெட்டிச் சூடு வைத்தோம். கதிரோடு நெல்லை அடுக்கிக் கூடுபோல் கட்டி வைப்பதைத்தான் சூடு என்பது. அதை மிதிக்க மாடு வேண்டும், ஆள் வேண்டும். அங்கே ஒருவர் களத்துக்கு மற்றவர் போவதுதான் வழக்கம். நாங்கள் இரண்டு பேரும், உண்மையில் நான் மட்டும், எல்லோருடைய களத்துக்கும் போயிருந்தேன். எங்கள் முறை வந்தபோது பக்கத்துக் காணிக்காரர் வந்தார்.

“மாடு கொண்டு வாறன். ஆக்களும் வருவினம். ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அந்த மணம் களத்துக்கு வேண்டாம்.”

களத்தில் கட்டுப்பாடுகள் உண்டு. செருப்போடு ஏறக்கூடாது. நெல் என்று சொல்லக்கூடாது. பொலி என்றுதான் சொல்லவேண்டும். நெல் என்றால் பூதம் காதில் கேட்டு வாரிக்கொண்டு போய்விடும். வாசனை பூசக்கூடாது என்று மற்ற ஊர்களில் நான் கேள்விப்பட்டதில்லை. கடையில் இருந்தவர்கள் பூவுக்கும் மணத்துக்கும் பூதம் வரும் என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். ஆனால் பக்கத்துக் காணிக்காரர் பூதத்தைப் பற்றிப் பேசவில்லை.

“அது எங்கட அப்புவிலை மணந்த மணம்,” என்றார். “அதை மணந்துகொண்டு நிண்டு பொலி சொல்ல என்னால ஏலாது. ஒரு நாளைக்குத்தானே. சும்மா வாங்கோ. மனிசர் மாதிரி வேர்வை மணக்கட்டும்.”

இவர் தலைகுனிந்தபடி, “அப்ப நீங்கள் வரவேண்டாம்,” என்றார்.

பக்கத்துக் காணிக்காரர் திரும்பிப் போய்விட்டார். ஊரில் வேறு யாரும் அவரை மீறி வரமாட்டார்கள். நானும் இவரும் கதிரை மரக்கட்டையில் அடித்துப் பார்த்தோம். ஒரு நாள் முழுவதும் அடித்தும் ஒரு சாக்கு நிரம்பவில்லை. சூடு அப்படியே நின்றது. எலி புகுந்தது. பங்குனி பிறந்து, தெற்கே மேகம் கட்டத் தொடங்கியது. மழை விழுந்தால் சூட்டுக்குள்ளேயே முளைத்துவிடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. சூட்டு நிழலில் இருந்தபோது கேட்டேன். “அண்ணை, ஒரு நாள் பூசாட்டி என்ன? அந்த நெல்லு வந்தாத்தானே அக்காவும் பிள்ளையும் வருவினம் எண்டனீங்கள்.”

அவர் வைக்கோலை முறித்துக்கொண்டிருந்தார். “உமக்கு மணக்கேல்லையே?”

“ஓடிக்கொலோன் மணக்குது.”

“அதுக்கு அடியில.”

“இல்லையே.”

“நீர் நல்ல பெடியன். சொல்லமாட்டீர்.”

பிறகு அவராகவே சொன்னார். புடைவை விலை சொல்லும் குரலில்தான் சொன்னார்.

“கொழும்பில நான் இருந்தது ஒரு வாடகை அறை. வரிசையா அறையள், பின்னால வரிசையா வாளிக் கக்கூசு. விடிய வாளி எடுக்க வாறவைக்காகப் பின் ஒழுங்கைப் பக்கம் கீழ ஒரு சின்னக் கதவு இருக்கும். அவங்கள் முன் கேற்றை உடைக்கேக்க நான் அந்தக் கதவுக்குள்ள பூந்தனான். வாளியை வெளியில எடுக்க நேரம் இல்லை.”

அவர் இன்னொரு வைக்கோலை எடுத்தார்.

“ஒரு இரவும் ஒரு பகலும். பிறகு இன்னொரு இரவு. மேல ஆக்கள் வந்து போனவை, தம்பி. கீழ ஆள் இருக்கெண்டு அவைக்குத் தெரியாது.”

அதன்பின் முகாம், கப்பல். கப்பலில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்களாம். அவருக்கு மட்டும் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்ததாம். காங்கேசன்துறையில் மனைவி வந்து நின்றார். “கிட்ட வந்தா. வந்து, முந்தானையால மூக்கைப் பொத்தினவா. பிள்ளை அவாவுக்குப் பின்னால ஒளிச்சிட்டுது. நான் அவையில பிழை சொல்லேல்லை. எனக்கே தாங்கேலாமல்தானே இருக்கு. இப்பவும்.”

“இப்ப மணக்கேல்லை அண்ணை.”

“மேல ஓடிக்கொலோன் கிடக்கிறபடியா உமக்குத் தெரியேல்லை.”

மணம் இல்லை என்று காட்டுவதானால் அவர் பூசாமல் நிற்கவேண்டும். பூசாமல் நிற்க அவரால் முடியாது. நான் எவ்வளவோ விதமான கஷ்டங்களைப் பார்த்தவன். பசி என்றால் சோறு, காய்ச்சல் என்றால் குயினைன். இதற்கு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து பஸ் நடத்துனர் சந்தியில் இறங்கிச் செய்தி சொல்லிவிட்டுப் போனார். வருகிற வெள்ளிக்கிழமை மனைவியின் தமையன் வருகிறார்; கூடவே தங்கச்சியும் பிள்ளையும். நெல் இருந்தால் இருவரும் நிற்பார்கள்; இல்லையென்றால் அதே பஸ்ஸில் திரும்புவார்கள்.

அவர் அன்று பின்னேரம் பக்கத்துக் காணி வேலியடிக்குப் போய், உரத்துச் சொன்னார். “நாளைக்கு மாட்டைக் கொண்டு வாங்கோ. நான் பூசமாட்டன்.”

விடியக் காலை வாய்க்காலில் இறங்கியவர் வெகுநேரம் ஏறவில்லை. சாம்பலால் தேய்த்தார். மணலால் தேய்த்தார். தேசிக்காயை வெட்டிப் புளிச்சாறு வடிய உடம்பெல்லாம் உரசினார். கை, கழுத்து எல்லாம் சிவந்து, சில இடங்களில் தோல் உரிந்திருந்தது. புதிதாகத் தோய்த்த சாரத்தைக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு களத்துக்கு வந்தார். ஆட்களுக்கு முன்னால் அவரைச் சேட் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

மாடு வளைந்து மிதித்தது. ஆட்கள் பொலி, பொலி என்று குரல் கொடுத்தார்கள். அவர் களத்தின் விளிம்பிலேயே நின்றார். பக்கத்துக் காணிக்காரருக்கு அவர்மேல் இருந்த சங்கடம் போய்விட்டது. “வாங்கோ கொழும்பார், உங்கட களம். ஏன் விருந்தாளி மாதிரி நிக்கிறியள்?” என்று தோளில் கை போட்டார். இவர் அந்தக் கைக்குக் கீழே விறைத்துப்போய் நின்றார். பக்கத்துக் காணிக்காரருக்கு அது விளங்கவில்லை; வெட்கம் என்று நினைத்திருப்பார்.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பியது. வைக்கோலை உதறி எடுத்தாகிவிட்டது, இனித் தூற்றவேண்டும். முதல் சுளகைக் காணிக்கு உடையவர்தான் தூற்றவேண்டும் என்றார்கள். காற்று முதுகில் படும்படி நின்று, சுளகைத் தலைக்கு மேலே பிடித்து, மெல்ல மெல்லச் சரிக்கவேண்டும். நெல் காலடியில் விழும். பதரும் தூசியும் காற்றோடு முன்னால் போகும். முன்னால், கீழ்க்காற்றில், பதரை ஒதுக்குவதற்கு ஆட்கள் விளக்குமாற்றோடு நிற்பார்கள்.

அவர் ஏறி நின்றார். சுளகைத் தூக்கினார். கை இரண்டும் மேலே, வெறும் கக்கம், பின்னாலிருந்து வரும் காற்று. கீழே நின்ற ஆட்கள் எட்டுப்பத்துப் பேரும் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினார்கள்.

தூற்றும்போது எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். கட்டாவிட்டால் நெல்லின் சுணை மூக்குக்குள் போய் இரவெல்லாம் தும்மல். வன்னியில் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். புடைவைக் கடையிலிருந்து வந்தவருக்கு, அதுவரை ஒரு களத்துக்கும் போகாதவருக்கு, அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சோறு பிசைந்து சாப்பிடவேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் கண் மட்டும்தான் இருந்தது. சுளகு கையிலிருந்து நழுவி விழுந்தது. நெல் சிதறியது. இறங்கி, ஒருவரையும் பார்க்காமல், வரம்பில் ஏறி வாய்க்கால் பக்கம் நடந்தார். ஓடவில்லை.

“என்ன? என்ன பிழை விட்டம்?” என்று பக்கத்துக் காணிக்காரர் சால்வையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். நான் சொன்னேன், தெரிந்த அளவுக்கு. அவர் சுளகைத் தானே எடுத்தார். “மழைக்கு முன்னம் முடிப்பம்,” என்றார். அதற்குப் பிறகு அந்தக் களத்தில் ஒருவரும் மூக்கைக் கட்டவில்லை. தும்மித் தும்மி, கண்ணில் நீர் வடிய முடித்தார்கள். அவர் அங்கே இருந்து அதைப் பார்க்கவில்லை.

பொழுது சாய முன் பக்கத்துக் காணிக்காரரும் நானும் வாய்க்காலுக்குப் போனோம். கழுத்தளவு தண்ணீரில் இருந்தார்.

“வாங்கோ கொழும்பார். பொலி நல்ல பொலி. சாக்குக் காணாது. அது சுணைக்குக் கட்டினது. கேளுங்கோ, என்ர பிள்ளையள் மேல சத்தியம்.”

“நீங்கள் நல்ல மனிசர்,” என்று தண்ணீருக்குள்ளிருந்து சொன்னார். “கிட்ட வராதேங்கோ.”

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். தமையன் நேரே கொட்டிலுக்குள் போய், அடுக்கியிருந்த சாக்கில் ஒன்றை அவிழ்த்துக் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே,” என்றார். “எங்கை ஆள்?”

ஆள் வயலின் அந்தக் கோடியில், கடைசி வரம்பில் நின்றார். மனைவி படலையடியில் நின்று, “இஞ்சருங்கோ,” என்று கூப்பிட்டார். அவர் கையை உயர்த்தினார், வரவில்லை. பிள்ளை, ஏழெட்டு வயது, ஒரு வரம்பு தாண்டி அவரை நோக்கி ஓடியது. அவர் ஒரு வரம்பு பின்னால் போனார். பிள்ளை இன்னொரு வரம்பு தாண்டியது. அவர் பற்றைக்குள் ஏறிவிட்டார். பிள்ளை நின்றுவிட்டது. அதற்கு அது விளையாட்டா இல்லையா என்று தெரியவில்லை.

மனைவி என்னைப் பார்த்தார். “என்ன தம்பி இது?”

கக்கூசுக் கதையை நான் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது காங்கேசன்துறைக் கதை. அவர் மூக்கைப் பொத்தியதை இவர் மறக்கவில்லை, இன்னும் மணக்கிறது என்றே நம்புகிறார் என்று சொன்னேன். அவர் யோசித்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“பொத்தியிருப்பன்,” என்றார். “மணந்ததுதானே. அந்தக் கப்பலில வந்த எல்லாரும் மணந்தவை. வீட்டை கூட்டிக்கொண்டு போய் வென்னீர் வைச்சு வார்த்தன். மணம் போயிட்டுது. மணந்ததுக்கு மூக்கைப் பொத்தாமல் வேறை என்ன செய்யிறது?”

தமையன் பையை எடுத்தார். “தங்கச்சி, இந்த மனிசன் சரியில்லை. பின்னேர பஸ்சுக்குப் போவம்.”

“நெல்லு கிடந்தா நிக்கலாம் எண்டு சொன்னது நீங்கள்தானே அண்ணை. நெல்லு கிடக்கு.”

மனைவி அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளையும் நின்றது. தமையன் அடுத்த நாள் தனியாகப் போனார்.

அந்தக் கோடி வரம்புக்கு அப்பால், பற்றையை வெட்டி, இவர் தனக்கென்று ஒரு சிறு கொட்டில் போட்டுக்கொண்டார். அதுவும் வீட்டுக்குக் கீழ்க்காற்றில்தான். ஓடிக்கொலோன் பூசுவதை விட்டுவிட்டார். அது இவ்வளவு நாளும் ஒன்றையும் மறைக்கவில்லை, ஊர் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். மனைவி வியாபாரியிடம் ஒரு போத்தல் வாங்கிச் சோற்றோடு வைத்துப் பார்த்தார். இவர் சோற்றை மட்டும் எடுத்தார். அவர் அந்தப் பக்கத்து வயலைச் செய்தார், மனைவியும் நானும் இந்தப் பக்கத்தை. பக்கத்துக் காணிக்காரர் மாட்டோடு வந்து உழுதுகொடுத்தார். கடையில் இவரைப் பற்றி யாரும் பகிடி பண்ணவில்லை. பண்ணினால் நல்லது என்றுகூட எனக்குப் பட்டது.

பிள்ளைதான் சோறு கொண்டுபோகும். ஒரு மரக்குற்றியில் வைத்துவிட்டு, இருபது முப்பது அடி தள்ளி வந்து வரம்பில் குந்தியிருக்கும். அவர் வந்து எடுத்துச் சாப்பிடுவார். அதுவரை அது பள்ளிக்கூடத்துக் கதை, கோழிக் கதை எல்லாம் கத்திக் கத்திச் சொல்லும். அவரும் அங்கிருந்து கத்திப் பதில் சொல்வார்.

அடுத்த விதைப்புக்கு முன் நான் புறப்பட்டுவிட்டேன். என் கால் அப்படி. புதுக்குடியிருப்புப் பக்கம் லொறியில் வேலை, பிறகு மன்னார், பிறகு எங்கெங்கோ. ஆறேழு வருடம் கழித்து ஒரு பகல் நேரம் லொறி முரசுமோட்டைச் சந்தியில் தேத்தண்ணிக்கு நின்றது. கடையில் சீனி வாங்க ஒரு பெண் பிள்ளை வந்தது. பாவாடை தாவணி கட்டியிருந்தது. முகச் சாயலில் அடையாளம் தெரிந்தது.

“அப்பா எப்பிடிப் பிள்ளை?” என்று கேட்டேன்.

நான் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றேன். அந்தப் பிள்ளை, நான் வயலின் மறு கரையில் நிற்பது போல, உரத்த குரலில் பதில் சொன்னது. “இருக்கிறார். உங்களை ஆரெண்டு சொல்ல?” கடையில் இருந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, பழகியிருந்தார்கள். கடைக்காரர் சீனியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, அது போனபின் என்னிடம் சொன்னார். “பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் பேச்சு வாங்கும், மெள்ளக் கதைக்கச் சொல்லி. அதுக்கு மெள்ளக் கதைக்க வராது.”